சினானிமும் அவுகளும்

இஞ்ஞாசியம்மாள் டீச்சரின் கையில் சாக்பீஸ் முழுசாக இருந்து யாரும் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிற எந்த மனுஷியும் இப்படித்தான் ஆவாள் என்று அவளே சொல்வாள். பிள்ளைகள் முன்னால் பல்லைக் கடிக்க முடியாது, தலையில் அடித்துக்கொள்ளவும் முடியாது. மிச்சம் இருப்பது சாக்பீஸ்தான். அதைப் போட்டு நெரிப்பாள். ஹெட்மாஸ்டர் பவுல்ராஜ் காலிப் பெட்டியைக் குலுக்கிக் காட்டி, எழுதுகிறீர்களா, தின்கிறீர்களா என்று கேட்கிற அளவுக்கு அது போய்விட்டது.

பள்ளிக்கூடம் சாணார்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்தில், பங்குச் சாமியாரின் நிர்வாகத்தில் நடந்தது. எட்டாவது வரைக்கும் உண்டு. டீச்சருக்கு வீடு திண்டுக்கல்லில். காலையில் பஸ் ஏறி வருவாள், சாயங்காலம் பஸ் ஏறிப் போவாள். நடுவில் உள்ள நேரமெல்லாம் தொண்டைத்தண்ணி வற்றக் கத்துவதற்கு.

அவளுடைய தகப்பனார் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். சாமியார் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் பிரசங்கம் வைப்பார். இவர் வீட்டில் தினமும் வைப்பார். அந்தப் பிரசங்கத்திலிருந்து தப்பிக்கத்தான் நான் படித்தேன் என்று டீச்சர் சொல்வதுண்டு. கன்னியாஸ்திரிகளின் ட்ரெயினிங் பள்ளியில் சேர்ந்து, பாஸ் பண்ணி, வேலைக்கும் வந்துவிட்டாள். அதன்பிறகு கல்யாணம். மாப்பிள்ளை பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். நல்ல கைகாரர் என்று பெயர். பெயர் என்றதும் அதையும் இங்கேயே சொல்லிவிடலாம்: சூசையந்தோணி. நாம் சொல்லலாம். அவள் சொல்லமாட்டாள்.

பழனியில் ஒரு லாட்ஜுக்கு ரூம் பூட்டுகள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாட்டியும் தந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார் சூசையந்தோணி. அது ஐம்பத்தாறாம் வருஷம், தைப்பூசத்துக்கு முன்னால். பூட்டு மாட்டப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். லாட்ஜில் சமையல் செய்தவரின் மகளோடு குடித்தனம் என்று முதலில் காற்றுவாக்கில் வந்தது. பிறகு குழந்தை பிறந்த சேதியும் வந்தது. கடல் தாண்டிப் போயிருந்தாலாவது, ஆள் தூரத்தில் இருக்கிறார், வரமுடியவில்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். பழனிக்கு நாள் பூராவும் பஸ் ஓடுகிறது. அந்த பஸ்களைத் திண்டுக்கல் ஸ்டாண்டில் பார்க்கும்போதெல்லாம் டீச்சருக்கு வயிறு எரியும்.

சரி, போன மனுஷனின் பெயரை இனிமேல் யாருக்காகக் காப்பாற்ற வேண்டும்? அதுதான் விஷயம். புருஷன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். குறைந்தால் குறையட்டும் என்று மனசு சொல்லும். நாக்கு மட்டும் சொல்லாது. ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டபோது, உள்ளே திரும்பி மாமியாரைக் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் அந்தோணியாரின் பெயர் வருகிற இடத்தில் உதட்டை மட்டும் அசைப்பாள். வெளியில் சொல்லும்போது கோடி அற்புதர் என்பாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அவர் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் மாமியார் விடாமல் நவநாளுக்குப் போய் மகனுக்காக மெழுகுவத்தி ஏற்றினாள். உங்கள் மகன் காணாமல் போகவில்லை, பழனியில் இருக்கிறார், விலாசம்கூடத் தெரியும், அதற்குப் புனிதர் எதற்கு என்று டீச்சர் கேட்பாள். மாமியார் போய் இன்னொரு மெழுகுவத்தி வாங்குவாள்.

மாமியாரின் பெயர் வியாகுலம்மாள். ஒரு காலத்தில் சுருட்டுக் கம்பெனியில் சுருட்டு உருட்டியவள். இப்போது விரல் மடங்குவதில்லை. மகன் போனபிறகும் அவள் எங்கும் போகவில்லை. போக இடமும் இல்லை. பழனியிலிருந்து ஒரு கார்டு வந்ததில்லை. மருமகள் சம்பளத்தில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போதே சண்டையும் போட்டார்கள். என் அந்தோணிக்கு இந்தப் புளிக்குழம்பு என்றால் உசுரு என்று கிழவி பெருமூச்சு விட்டால், அந்தக் குழம்பு டீச்சருக்குத் தொண்டையில் இறங்காது. அந்தோணி, அந்தோணி என்று வீட்டில் அந்தப் பெயர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் தெருவில் யாராவது மருமகளைப் பற்றிக் குறையாகப் பேசினால் வியாகுலம்மாள் விடமாட்டாள். என் மருமகள் இன்றைக்கு வரைக்கும் என் மகன் பேரை வாயால் சொன்னதில்லை, உங்கள் வீட்டில் எவள் இருக்கிறாள் அப்படி என்று மல்லுக்கு நிற்பாள். மகன் செய்த காரியத்துக்குப் பிறகு அந்தக் கிழவி தெருவில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கல்லைத் தூக்கிப் போட்டது இங்கிலீஷ்.

எட்டாவதுக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்த பெரிய வாத்தியார் ரிட்டயர் ஆனார். வேறு ஆள் உடனே கிடைக்கவில்லை. ஹெட்மாஸ்டர் பவுல்ராஜ் இவளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். எடுத்தாள். ஆனால் இலாகாவிலிருந்து ஒரு காகிதம் வந்தது: டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்ப்பார், அவருக்குத் திருப்தி என்றால் அந்த இடத்தில் இவளையே நிரந்தரமாக்கலாம், இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் போடவேண்டும். வெளியாள் வந்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள் அதிகம். அந்த அதிகமான ஆள் இஞ்ஞாசியம்மாள்தான் என்பதைப் பவுல்ராஜ் ரொம்ப வருத்தத்தோடும் ரொம்பத் தெளிவாகவும் சொல்லிவிட்டார். வேலை போனால் ஒரு வயிறு இல்லை, இரண்டு வயிறு.

அந்த வருஷம் கோடையில் மதுரையில் இங்கிலீஷ் வாத்தியார்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். போய் உட்கார்ந்து வந்தாள். அங்கே சொல்லிக் கொடுத்ததன் சுருக்கம், இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் காதில் விழக்கூடாது என்பதுதான். சொன்னவர்களை ஒருநாள் இந்தக் கிராமத்துக்கு பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

பொங்கல் லீவு முடிந்ததும் ரிவிஷன் ஆரம்பித்தாள். ரிவிஷன் என்றால் படித்ததைத் திரும்பப் பார்ப்பது. இந்தப் பிள்ளைகள் முதல் தடவை பார்ப்பதே அப்போதுதான். எல்லாம் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கத்தரி, தக்காளி, வெங்காயம், மல்லிகை. விடியக் கருக்கலில் பூ எடுத்துவிட்டு வகுப்பில் வந்து தூங்கும். எழுப்பி வைத்து, உவமைப் பாடத்தில் 'லைக்' வந்தால் சிமிலி, 'ஆஸ்' வந்தால் சிமிலி என்று சொல்லிக் கொடுத்தாள். அதற்குக் கைமேல் பலன் கிடைத்தது. 'ஐ லைக் மேங்கோஸ்' என்பதை ஒருவன் சிமிலி என்று சாதித்தான். அர்த்தம் கேட்டதற்கு, நான் மாம்பழம் போல இருக்கிறேன் என்றான். அவன் இருந்த லட்சணத்துக்கு அது வேறு.

உருவகம், அதாவது மெட்டஃபர், அதைவிட மோசம். 'ஹி இஸ் எ லயன்' என்று போர்டில் எழுதியதும், வால் இருக்குமா என்று கேட்டது ஒன்று. சரி, ஊர் வழியிலேயே போவோம் என்று, உங்க அப்பா உன்னைக் கழுதை என்று திட்டுகிறாரே, அதுதான் மெட்டஃபர் என்றாள். இல்லை டீச்சர், எங்கப்பா நெசமாவேதான் சொல்லுறாரு என்றான் அவன். ஒரு சாக்பீஸ் போயிற்று.

பத்தி படித்துப் பதில் எழுதுவது என்று ஒன்று உண்டு. ஒரு குடியானவன் வண்டியில் காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போனான், திரும்பும்போது வருத்தமாக வந்தான், ஏன் என்று கேள்வி. வழியில் மாடு நொண்டிவிட்டது என்று பத்தியிலேயே இருக்கிறது. கண்ணுக்கு நேராக இருக்கிறது. வகுப்பு முழுக்க எழுதியிருந்த பதில், விலை விழுந்துவிட்டது என்பது. பத்தியைப் பார்த்து எழுதுங்கள் என்று அவள் கத்தினாள். மாடு நொண்டினால் வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும், அதற்கு யாரும் முகத்தைத் தொங்கப் போடமாட்டார்கள், விலை விழுந்தால்தான் அப்படி வருவார்கள் என்று முதல் பெஞ்சு ஒச்சாயி விளக்கம் சொன்னாள். ஒச்சாயியின் அம்மா கருப்பம்மாள் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய்க் கூடை சுமக்கிறவள். அந்தப் பிள்ளைக்குத் தெரியாததா? டீச்சர் வாயை மூடிக்கொண்டு தப்பு போட்டாள். தப்பு போடும்போது தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒரே அர்த்தமுள்ள வார்த்தைகள், எதிரான வார்த்தைகள் என்று பாடம் வந்தது. முந்தின புத்தகத்தில் 'ஆப்போசிட்' என்றுதான் இருந்தது. அந்தக் காலமெல்லாம் நிம்மதி. 'வெல்' என்பதற்கு ஆப்போசிட் 'டேங்க்' என்று, கிணற்றுக்கு எதிராகக் குளத்தை எழுதிய பிள்ளைகளைத் திட்டுவதைத் தவிர வேறு கஷ்டம் இல்லை. புதுப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: சினானிம், ஆன்டனிம். பரீட்சைக் கேள்வியிலும் அப்படித்தான் வரும், பிள்ளைகளுக்கு வார்த்தை பழகவேண்டும் என்று சர்க்குலர் வேறு. சினானிம் வரைக்கும் சரளமாகப் போனாள். அடுத்த வார்த்தையைப் போர்டில் எழுதினாள். எழுதுவதற்கு அவளுக்குத் தடை இல்லை. எழுதிவிட்டு ஒச்சாயியை எழுப்பி வாசிக்கச் சொன்னாள்.

ஒச்சாயி எழுத்துக்கூட்டி, "அந்தோணிம்" என்று வாசித்தாள்.

வகுப்பில் ஒரு குசுகுசுப்பு ஓடியது. டீச்சர் வீட்டுக்காரர் பெயர் அந்த ஊர் ஆடு மாடுகளுக்கும் தெரியும். டீச்சருக்குக் காது மடல் சுட்டது. உச்சரிப்பைத் திருத்தவேண்டும், திருத்த வேண்டுமென்றால் சொல்லவேண்டும். பிரம்பை எடுத்துப் போர்டில் தட்டி, இதுக்குப் பேரு இதுதான், எழுதிக்கோங்க என்று ஒப்பேற்றினாள். அன்றைக்குத் தப்பித்தாள். மறுநாள் அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு 'கீழே உள்ள வார்த்தைகளுக்கு இது எழுதுங்க' என்றபோது, தூங்கி எழுந்த ஒன்று, எது டீச்சர் என்று கேட்டது. பொறுமை போய்விட்டது.

"அதான்டா, அவுக பேரு," என்றாள்.

அவ்வளவுதான், அந்த வார்த்தைக்கு அன்றைக்கு ஞானஸ்நானம் நடந்துவிட்டது. அவுக. ஊரில் பெண்கள் புருஷனைச் சொல்கிற சொல். பிள்ளைகளுக்கு அது லட்டு மாதிரி இருந்தது. சினானிமும் அவுகளும் என்று நோட்டில் தலைப்புப் போட்டன. ஹாட்டுக்கு அவுக கோல்டு, பிக்குக்கு அவுக ஸ்மால். முதலில் அடித்தாள், திட்டினாள், முட்டி போட வைத்தாள். கடைசியில் அவசரத்தில் அவளுக்கே அதுதான் வாயில் வந்தது: இந்தப் பத்துக்கும் அவுக எழுதிட்டு வாங்க. பாடம் ஓடவேண்டுமே. அவள் என்ன செய்வாள்?

இன்ஸ்பெக்டர் வருகிற தேதி தெரிந்ததும் பவுல்ராஜ் சுண்ணாம்பு அடித்தார், கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடித்தார், வாத்தியார்கள் உயிரையும் எடுத்தார். டீச்சர் இரண்டு வழியில் தயார் செய்துகொண்டாள். ஒன்று, தானே சொல்லிப் பழகுவது. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டே முயன்று பார்த்தாள். 'ஆன்' வரைக்கும் வரும். அதற்கு மேல், பின்னால் மாமியார் நிற்கிறாளோ என்று கழுத்து திரும்பும். இங்கிலீஷ் வார்த்தைதானே இது, எவனோ வெள்ளைக்காரன் வைத்த வார்த்தை, இதற்கும் அந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சம்பந்தம் இல்லைதான். சொல்ல வரவில்லை. இரண்டாவது வழி, ஒச்சாயியை முன்னால் நிறுத்தி வகுப்பு முழுவதையும் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக வைப்பது. அது நடந்தது. பிள்ளைகள் கணீரென்று சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் கேட்பார், பிள்ளைகள் சொல்வார்கள், நான் சொல்லவேண்டிய அவசியமே வராது என்று அவள் கணக்குப் போட்டாள்.

வந்தவர் பெயர் முகமது பாரூக். வாணியம்பாடிப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், அதிகம் பேசாத மனுஷர். பின் பெஞ்சு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்குப் பிள்ளைகள் தங்கமாக நடந்துகொண்டார்கள். சிமிலி சொன்னார்கள். மாம்பழத்தை யாரும் இழுக்கவில்லை. பத்தியில் உள்ளதைப் பத்தியில் பார்த்தே சொன்னார்கள். டீச்சருக்கு நம்பவே முடியவில்லை. இந்தக் கழுதைகளுக்கு இவ்வளவும் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே என் உயிரை வாங்கியிருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சந்தோஷம்.

இன்ஸ்பெக்டர் எழுந்து முன்னால் வந்தார். 'பிக், லார்ஜ்' என்றார். இவற்றை என்னவென்று சொல்வோம் என்று இங்கிலீஷில் கேட்டார். சினானிம் என்று கூரை அதிர்ந்தது. தலையாட்டினார். 'ஹாட், கோல்டு' என்றார்.

"அவுக!" என்றது வகுப்பு.

பழக்கித் தந்ததெல்லாம் ஒரு நொடியில் பறந்துபோய், மாதக்கணக்காக நாக்கில் ஊறிய சொல் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் திரும்பி வாசலைப் பார்த்தார். யாரோ பெரிய மனிதர் வருகிறார் போல, பிள்ளைகள் அதைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வாசலில் ஒருவரும் இல்லை. திரும்பி மறுபடியும் கேட்டார். அவுக சார் என்று இந்தத் தடவை மரியாதை சேர்த்துச் சொன்னார்கள். ஒச்சாயி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் முதல் தடவை சேர்ந்து கத்தியவள்தான்.

முகமது பாரூக் டீச்சர் பக்கம் திரும்பினார். நீங்கள் சொல்லுங்கள் அம்மா என்றார். அவள் ஆப்போசிட் என்றாள். அது சரி, பாடத்தில் உள்ள வார்த்தை என்ன என்றார்.  போர்டில் எழுதுவதற்கு அவள் கை போயிற்று; எழுதவேண்டாம், சொல்லுங்கள், உச்சரிப்பு கேட்கவேண்டும் என்றார். கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக முறிந்தது. அவர் முகத்தில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிற அம்மாவுக்கு எட்டாம் வகுப்பு வார்த்தை தெரியவில்லை, பாவம் என்று அவர் முடிவு கட்டிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போது பவுல்ராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லமுடியாது. "சார், அதுல ஒரு சங்கதி இருக்கு. இவங்க வீட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தார்.

அது எங்கே போகும் என்று இஞ்ஞாசியம்மாளுக்கு வரிக்கு வரி தெரியும். வீட்டுக்காரர், லாட்ஜ், பழனி, அந்தப் பெண், பிள்ளைகள், மாமியாரையும் இவங்கதான் வச்சுக் காப்பாத்துறாங்க சார், பெயரைக்கூடச் சொல்லாத மனுஷி சார். இன்ஸ்பெக்டர் உச்சுக் கொட்டுவார். ஒருவேளை அந்த உச்சுக்காகவே கையெழுத்தும் போடுவார். இந்த வகுப்பில் வைத்து, இந்தப் பிள்ளைகள் முன்னால். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. பவுல்ராஜ் மேல், இன்ஸ்பெக்டர் மேல், பழனிக்குப் போனவர் மேல், இத்தனை வருஷம் அந்த ஆளுக்குக் காவல் நின்ற தன் நாக்கின் மேல்.

"ஆன்டனிம்," என்றாள்.

பவுல்ராஜ் பாதி வார்த்தையில் நின்றார்.  அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, ரிப்பீட் என்றாள். பிள்ளைகள் பயந்துகொண்டே முனகினார்கள். சத்தமாக என்றாள். ஆன்டனிம், ஆன்டனிம் என்று அவள் சொல்லச் சொல்ல அவர்கள் சொன்னார்கள். நிறுத்தவேண்டிய இடம் தாண்டியும் அவள் நிறுத்தவில்லை. பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள். ஒரு கட்டத்தில் கடைசி எழுத்து எங்கோ விழுந்துவிட்டது. அந்தோணி, அந்தோணி என்றே கேட்டது. இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி, போதும் அம்மா, வகுப்பு நன்றாக இருக்கிறது என்றார். இதைச் சொல்ல இவ்வளவு கூச்சம் எதற்கு என்று பவுல்ராஜிடம் கேட்டுக்கொண்டே வெளியே போனார். காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரம்.

இடி விழவில்லை. ஓடு பறக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. இவ்வளவுதானா இது, இதற்கா இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன் என்று வெறுப்பாக இருந்தது. சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேலை தங்கிவிட்டது என்பதை வீட்டில் போய்ச் சொல்லவேண்டும். கிழவி கொஞ்ச நாளாகவே சரியாகச் சாப்பிடாமல், வேலை போயிட்டா என்ன செய்வே என்று அரித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

ஆனால் சேதி அவளுக்கு முந்தின பஸ்ஸிலேயே ஏறிவிட்டது. மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு ஓடிய ஒச்சாயி தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கருப்பம்மாள் கத்தரிக்காய்க் கூடையோடு பஸ் ஏறி, மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் டீச்சர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாள். வேலை நிரந்தரமானதையும் சொன்னாள், மற்றதையும் சொன்னாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வாய் சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தபோது வியாகுலம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிமூட்டை. சேலை இரண்டு, ஜெபமாலை, அந்தோணியார் படம் எல்லாம் உள்ளே போய்விட்டன. சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை.

வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்றாள் டீச்சர். கேள்விப்பட்டேன், சந்தோசம் என்றாள் மாமியார். மூட்டை எதற்கு என்று கேட்டாள் டீச்சர்.

"நீ பேரச் சொல்லிட்டியாம்ல," என்றாள் கிழவி. கோபமாகச் சொல்லவில்லை. "நாலு பேருக்கு முன்னால, பிள்ளைகளையும் சொல்லச் சொல்லிச் சொன்னியாம். நான் குத்தம் சொல்லல தாயி. அவன் செஞ்ச காரியத்துக்கு நீ என்னைக்கோ சொல்லியிருக்கலாம். ஆனா அந்தப் பேரு ஒன் வாயில நின்ன வரைக்கும் நீ எம் மகன் பொண்டாட்டி, நான் ஒனக்கு மாமியா. இப்ப நான் யாரு? எந்த மொறையில இங்க உக்காந்து திங்கிறது?"

இஞ்ஞாசியம்மாளுக்கு வந்த கோபத்தை நெரித்துத் தீர்க்கக் கையில் சாக்பீஸ் இல்லை. காலையிலிருந்து தின்னவில்லை. வகுப்பில் நின்ற கால் கடுக்கிறது. யார் வயிற்றுக்காக அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றோமோ அந்த வயிறே மூட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உலகத்தில் இப்படி ஒரு பொம்பளைக்கு வாழ்க்கைப்பட்டு யாராவது சீரழிவார்களா? புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டதெல்லாம் ஆறு வருஷம்தான். மீதி வருஷமெல்லாம் இந்தக் கிழவிக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எங்க போறீக?"

"பழனிக்கு."

"அவுக வீட்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "அந்தோணி ஒங்கள வரச் சொல்லியிருக்கானா?"

பெற்றவளிடமே அந்தப் பெயரைச் சொல்லியாயிற்று. அதுவும் மரியாதை இல்லாமல் ஒருமையில். வியாகுலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.  வரச் சொல்லவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டிருக்கக்கூடாது என்று டீச்சருக்கு உடனே பட்டது. கேட்டது கேட்டதுதான். போய் மூட்டைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் அவன் பேரச் சொன்னேன் அத்தை. அம்புட்டுத்தான் செஞ்சேன். ஒங்கள அத்தைன்னு கூப்புடறத நான் நிறுத்தல. இன்னைக்கும் நிறுத்தல, நாளைக்கும் நிறுத்தமாட்டேன். மூட்டைய அவுத்து வச்சுட்டு அடுப்பப் பத்த வைங்க. எனக்குப் பசி உசுரு போகுது."

 தெருவில் பூக்காரி கத்திக்கொண்டு போனாள். டீச்சர் மூட்டையை இழுத்து முடிச்சைத் தானே அவிழ்க்கப் பார்த்தாள். வெளியில் காட்டாத கோபத்தில் கட்டிய முடிச்சு, இறுகிக் கிடந்தது. வியாகுலம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டு, மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தானே அவிழ்த்தாள். சேலையை எடுத்துக் கொடியில் போட்டாள். கையை ஊன்றி எழுந்து அடுப்படிக்குப் போனாள். விறகை முறிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே குரல் வந்தது.

"சொல்றதுன்னு ஆயிருச்சு. பள்ளிக்கூடத்துல சொன்ன மாதிரி மொட்டையாச் சொல்லாத. சூசையந்தோணின்னு முழுசாச் சொல்லு. நான் வச்ச பேரு அது."